வீட்டில் கட்டிய டர்போ காரில் பூஸ்டைக் கட்டுக்குள் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கார் ஒரு பழைய மாருதி எஸ்டீம். 1298 சிசி, பதினாறு வால்வு பெட்ரோல் எஞ்சின். கம்பெனியிலிருந்து வந்தபோது டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) கிடையாது. சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் டர்போ, கோவையில் ஒரு லேத் பட்டறையில் செய்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், தனியாக வாங்கி வயரிங் செய்த ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) என்று வீட்டு போர்ட்டிகோவிலேயே இரண்டு வருடம் உட்கார்ந்து கட்டியது. பார்க்க வருகிறவர்கள் பானட்டைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பூஸ்ட் ஓடுது?" என்பதுதான். அந்த பூஸ்ட் எங்கே நிற்கும், எது நிறுத்துகிறது, நிறுத்துவது பழுதானால் என்ன ஆகும் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னதையும், கேட்காதவர்களுக்குச் சொல்ல நினைத்ததையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

கேஜில் தெரியும் பூஸ்ட் என்பது எது?

நம்மைச் சுற்றியுள்ள காற்றே கடல்மட்டத்தில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தருகிறது. கேஜ் 0.5 பார் காட்டினால், அதற்கு மேல் இன்னொரு 0.5 என்று அர்த்தம். ஈசியூ பார்ப்பது மொத்த அழுத்தத்தை. அதன் கணக்கில் இது 150 கிலோபாஸ்கல். பிஎஸ்ஐயில் பேசுகிறவர்களுக்கு: 1 பார் 14.5 பிஎஸ்ஐ, ஆகவே 0.5 பார் ஏழு பிஎஸ்ஐ சொச்சம்.

ஒன்றை ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பூஸ்ட் என்பது எஞ்சினுக்குள் போன காற்றின் அளவு அல்ல. டர்போ தள்ளுகிற வேகத்துக்கு எஞ்சின் விழுங்காததால் வழியில் தேங்கி நிற்கிற காற்றின் அழுத்தம். வாய்க்காலில் மதகுக்கு முன்னால் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதை வைத்து வயலுக்கு எவ்வளவு பாய்ந்தது என்று சொல்லிவிட முடியாது இல்லையா? அதே மாதிரிதான். தகுந்த அளவு டர்போ 0.5 பாரில் தருகிற சக்தியை, மூச்சு முட்டும் குட்டி டர்போ 0.8 பாரிலும் தராமல் போகலாம். அது அனுப்புவது பாதி காற்று, பாதி சூடு.

டர்போ இல்லாமல் வந்த எஞ்சினில் எவ்வளவு வைக்கலாம்?

எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று கிடையாது. உள்ளே பிஸ்டன், கனெக்டிங் ராட் எதையும் மாற்றாத, ஆனால் கம்ப்ரஷன் சரியாக இருக்கிற பெட்ரோல் எஞ்சின் என்றால் நான் 0.4 முதல் 0.5 பாரில் தொடங்கச் சொல்வேன். அதுவும் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், சரியான டியூனிங், புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மூன்றும் இருந்தால் மட்டும்.

காரணம் சூடு. கோவையில் ஒரு சித்திரை மதியம் 35 டிகிரியில் டர்போவுக்குள் போகிற காற்றை 0.6 பாருக்கு அழுத்தினால், பழைய டர்போவின் திறனை 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். 1 பாருக்கு அழுத்தினால் 140-ஐத் தொடும். ஓடுகிற காரில் நல்ல இன்டர்கூலர் இதை 50 சொச்சத்துக்கு இறக்கிவிடும். இன்டர்கூலர் இல்லையென்றால் அந்தச் சூட்டோடேயே சிலிண்டருக்குள் போகிறது. டர்போ இல்லாத எஞ்சின்களில் கம்ப்ரஷன் விகிதமும் அதிகமாகத்தான் இருக்கும். அதன்மேல் கொதிக்கிற காற்றை ஏற்றினால், ஸ்பார்க் வந்தபின் தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கிறது. அதுதான் நாக்கிங். பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய அலுமினிய விளிம்பைப் பிய்த்துப் போடுவது அதுதான். பூஸ்ட்டின் மேல் பழியைப் போடுகிறோம்.

பூஸ்டை உண்மையில் கட்டுப்படுத்துவது எது?

வேஸ்ட்கேட். எக்ஸாஸ்ட் புகை முழுவதும் டர்பைன் (டர்போவில் புகை சுற்றுகிற சக்கரம்) வழியாகப் போகாமல் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் திறந்துவிடுகிற சின்னக் கதவு. அதைத் திறப்பது ஆக்சுவேட்டர், அதாவது டர்போவின் பக்கத்தில் டப்பா மாதிரி இருப்பது. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங். கம்ப்ரசர், அதாவது டர்போ காற்றைத் தள்ளும் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் அதற்கு வரும். அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும் ராட் நகர்ந்து கதவைத் திறக்கும். மொத்த விஷயமும் அவ்வளவுதான்.

பொருத்துவதற்கு முன்பே அதை மேஜையில் வைத்துச் சோதித்துவிடுங்கள். சைக்கிள் பம்ப், ஒரு டி-கனெக்டர், 2 பார் வரை காட்டும் ஒரு சின்ன கேஜ் போதும். மெதுவாகக் காற்றடித்துக்கொண்டே ராடைப் பாருங்கள். என்னுடையது 0.4 பாரில் லேசாகத் துடிக்கும், 0.7-க்குள் முழுக்க நீண்டுவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு முப்பது எண்ணுங்கள். கேஜ் முள் இறங்கினால் டயாஃப்ரத்தில் ஓட்டை. நான் முதலில் வாங்கிய டர்போவில் முள் பத்து எண்ணுவதற்குள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. கடையில் கையால் சுற்றிப் பார்த்து, ஷாஃப்டில் ஆட்டம் இல்லை என்று திருப்தியாக வாங்கி வந்தது அது.

ஆக்சுவேட்டர் ராடை இறுக்கினால் பூஸ்ட் ஏறும் என்கிறார்களே?

ஏறும். ராடைச் சுருக்கினால் ஸ்பிரிங் முன்கூட்டியே இழுபட்டு நிற்கும். கதவு திறக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கும். கதவு மூடியிருக்கும்போது, ராடை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இழுத்தால்தான் பின்னில் மாட்ட வேண்டும் என்கிற அளவு சரி. அதற்கு மேல் இறுக்கினால் வேறொரு வில்லங்கம் வரும். ராட் நகரக்கூடிய மொத்த தூரமே சின்னது. அதில் பாதியை இறுக்கத்திலேயே தின்றுவிட்டால் கதவு முழுக்கத் திறக்காது. கீழ் ஆர்பிஎம்மில் எல்லாம் அழகாக இருக்கும், மேலே போகப்போக பூஸ்ட் கை மீறும். பட்டறையில் "ரெண்டு சுத்து இறுக்கிடலாம் சார்" என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

ப்ளோ-ஆஃப் வால்வும் வேஸ்ட்கேட்டும் ஒன்றா?

இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் மூடிக்கொள்ளும்; பைப்பில் ஓடிக்கொண்டிருந்த காற்றுக்குப் போக இடமில்லை. அதை வெளியே விடுவது ப்ளோ-ஆஃப். அந்த "புஷ்ஷ்" சத்தம் அதுதான். அதிகபட்ச பூஸ்ட் எவ்வளவு என்பதோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. அதில் கசிவு இருந்தால் பூஸ்ட் குறையும், அவ்வளவே.

பூஸ்ட் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டுமா? கையால் திருகுவதா, எலக்ட்ரானிக்கா?

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு எதுவும் வேண்டாம். கம்ப்ரசரிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேரடியாக ஒரே ஹோஸ், நடுவில் ஒன்றும் இல்லாமல். இந்த நிலையில் வருவதுதான் ஸ்பிரிங் பூஸ்ட். எந்த கன்ட்ரோலர் போட்டாலும் இதற்கு மேலேதான் ஏற்ற முடியும், கீழே இறக்க முடியாது. ஆகவே 0.5 வேண்டுமென்றால் 0.8 பார் ஸ்பிரிங் வாங்கிவிட்டு கன்ட்ரோலரில் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

கையால் திருகும் வகையில் உள்ளே ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை ஆக்சுவேட்டருக்குச் செய்தி போகாமல் குண்டு அடைத்துக்கொள்ளும். விலை குறைவு, பூஸ்ட் சட்டென்று ஏறும். ஆனால் வெயிலில் ஒரு மாதிரி, மழையில் ஒரு மாதிரி இருக்கும். அதிலிருக்கும் ஊசி முனை அளவு ஓட்டை அடைத்துக்கொண்டால், கதவைத் திறந்த காற்று வெளியேற வழியில்லாமல் ஆக்சுவேட்டரிலேயே சிக்கிக்கொள்ளும், கதவு மூடாது.

எலக்ட்ரானிக் என்பது மூன்று வாய் உள்ள ஒரு சோலனாய்டு, அதாவது மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு. ஈசியூ அதை நொடிக்கு முப்பது தடவை போலத் திறந்து மூடி, ஆக்சுவேட்டருக்குப் போகிற அழுத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே விடுவது என்று தீர்மானிக்கிறது. ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும், ஒவ்வொரு கியருக்கும் வேறு வேறு பூஸ்ட் வைக்கலாம். என்ஜின் சூடேறினால் தானாகக் குறைக்கச் சொல்லலாம். நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஹோஸ் மாட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். சோலனாய்டின் வயர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் பூஸ்ட் மட்டும் வர வேண்டும். அதற்கு மேல் போனால் ஹோஸ்களை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். ஃபியூஸ் போனாலோ வயர் அறுந்தாலோ பூஸ்ட் குறையத்தான் வேண்டும். ஏறுகிற மாதிரி அமைத்துவைத்தால் ஒரு நாள் ஐந்து ரூபாய் ஃபியூஸ் எஞ்சினைக் கொண்டுபோய்விடும்.

பூஸ்ட் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. என்ன காரணம்?

எப்படி நிற்கவில்லை என்று பார்க்க வேண்டும். கேஜை ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்வது உதவாது. மூன்றாவது கியரில் 2500-லிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஈசியூ பதிந்துவைத்த லாகை லேப்டாப்பில் வரைபடமாகப் பாருங்கள். மூன்று விதமான கோடு வரும்.

ஏறும்போது 0.5-ஐத் தாண்டி ஒரு நொடி 0.65 வரை குதித்து, மறுபடி 0.5-க்கு வந்து உட்கார்ந்தால் அது ஸ்பைக். கதவு திறக்கத் தாமதமாகிறது. ஆக்சுவேட்டருக்குப் போகிற ஹோஸ் தேவையில்லாமல் நீளமாக இருந்தாலும், கதவின் பின் கரியில் இறுகிப்போயிருந்தாலும் இப்படி ஆகும். எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் என்றால் எண்களைக் கொஞ்சம் நிதானப்படுத்த வேண்டும்.

4500 வரை 0.5-ல் நின்று, பிறகு ஆர்பிஎம் ஏற ஏறத் தானும் ஏறிக்கொண்டே போனால் அது க்ரீப். மூன்றிலும் மோசமானது இதுதான். கதவு முழுக்கத் திறந்தும் அந்த ஓட்டை போதவில்லை என்று பொருள். எனக்கு வந்தது இதுதான். சைலன்சர் பைப்பை இரண்டரை இஞ்சுக்கு மாற்றிய வாரம், 5500-ல் 0.75 வந்து நின்றது. பெரிய பைப் போட்டதும் டர்பைனுக்குப் பின்னால் இருந்த தடை குறைந்துவிட்டது. டர்பைன் இன்னும் சுலபமாகச் சுற்றுகிறது. புகைக்குப் பக்கத்துக் கதவைவிட நேர்வழி வசதியாகிவிட்டது. இரண்டு நாள் கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பலனில்லை.

க்ரீப்தானா என்று உறுதி செய்ய எளிய வழி உண்டு. ஆக்சுவேட்டர் ராடைக் கழற்றிவிட்டு, கதவை முழுக்கத் திறந்த நிலையில் கம்பியால் கட்டி ஓட்டுங்கள். அப்போதும் பூஸ்ட் ஏறினால் கன்ட்ரோலர், ஹோஸ், ஸ்பிரிங் எதன் மேலும் குற்றமில்லை. இரும்பில்தான் கை வைக்க வேண்டும். டர்பைன் ஹவுசிங்கைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஓட்டை 18 மில்லிமீட்டர், அதை மூடும் தட்டு 25. டை கிரைண்டரால் ஓட்டையை 21 ஆக்கி, புகை வந்து சேரும் பக்கத்து ஓரத்தைச் சாய்வாக மழித்தோம். தட்டு உட்கார இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் மிச்சம். அதற்கு மேல் போயிருந்தால் கதவு மூடாமல் கசிந்து, கீழே பூஸ்ட் வரத் தாமதமாகும். அந்தத் தம்பி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தட்டை வைத்துப் பார்த்து, பின்னால் டார்ச் அடித்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்தான். அதன்பிறகு அதே 0.5-ல் ஓட்டியபோது 6000 வரை 0.55-ஐத் தாண்டவில்லை. இதிலும் அடங்காத பெரிய க்ரீப் என்றால் மேனிஃபோல்டிலேயே தனி வேஸ்ட்கேட் பொருத்த வேண்டியதுதான். அதையும் நான்கு சிலிண்டர் புகையும் ஒன்றுசேரும் இடத்தில், புகை நேராகப் போய் மோதுகிற கோணத்தில் வெல்டு செய்ய வேண்டும். பக்கத்தில் செங்குத்தாக ஒட்டவைத்தால் க்ரீப் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது, மேலே போகப்போக பூஸ்ட் குறைவது. இது அனேகமாக எஞ்சினுக்கு ஆபத்தில்லாத பிரச்சினை. டர்போ சின்னதாக இருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், எக்ஸாஸ்ட் அழுத்தம் கதவைத் தள்ளித் திறக்கலாம், எங்காவது கசியலாம். நான் இதை வைத்துக்கொண்டே ஒரு வருடம் சந்தோஷமாக ஓட்டினேன்.

பூஸ்ட் வரவே இல்லை, அல்லது பாதிதான் வருகிறது.

கசிவு. பத்தில் எட்டு கார்களில் இதுதான் நான் பார்த்தது. பிளம்பிங் கடையில் டர்போவின் வாய் அளவுக்குப் பொருந்துகிற பிவிசி மூடி ஒன்று வாங்குங்கள். நடுவில் துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வைச் செருகுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அந்த மூடியை ஒரு சிலிக்கான் ஹோஸில் வைத்து டர்போ வாயில் கிளாம்ப் போட்டு இறுக்கி, பஞ்சர் கடைக் கம்ப்ரசரால் 0.5 பார் வரை மட்டும் ஏற்றுங்கள். மூடிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். கழன்றால் கண்ணுக்கு நேரே வரும். பிறகு சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்தால் நுரை தானே காட்டிக்கொடுக்கும். கம்ப்ரசர் ஓடும் சத்தம் நின்றபின் கேட்டால் "ஸ்ஸ்" என்பதும் காதில் விழும். ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருந்தால் கொஞ்சம் காற்று எக்ஸாஸ்ட் வழியாகப் போகும். அதற்குப் பதறாமல் கிராங்கைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

அலுமினியப் பைப்பின் முனையில் சின்னதாக ஒரு உருண்ட விளிம்பு இல்லாவிட்டால், எத்தனை இறுக்கினாலும் சிலிக்கான் ஹோஸ் ஒரு நாள் கழன்றுகொள்ளும். லேத்தில் அந்த விளிம்பைப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மூன்று இடத்தில் வெல்டிங் பொட்டாவது வைக்கச் சொல்லுங்கள்.

பூஸ்டில் ஓட்டினால் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் வெளியே வந்துவிடுகிறது. சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை, எனக்கும் வந்தது. பானட் முழுக்க எஞ்சின் ஆயில். எஞ்சினுக்குள் சேரும் புகையை இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்க்கு) இழுக்கிற பிசிவி வால்வு எப்போதும் அங்கே வெற்றிடம் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. டர்போ போட்டபின் அதே மேனிஃபோல்டில் அழுத்தம் இருக்கிறது. காற்று தலைகீழாக எஞ்சினுக்குள் நுழைந்து ஆயில் சீல்களையும் டிப் ஸ்டிக்கையும் தள்ளுகிறது. ஒருவழி வால்வு ஒன்றை அந்த ஹோஸில் சேருங்கள். கூடவே டாப்பெட் கவரின் இன்னொரு வாயிலிருந்து ஆயில் பிடிக்கும் டப்பா ஒன்றுக்குத் தாராளமான ஹோஸ். மேனிஃபோல்டோடு சேர்ந்திருக்கிற மற்ற ஹோஸ்களையும், பிரேக் பூஸ்டருக்குப் போவது உட்பட, ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸில் ஒருவழி வால்வு ஏற்கெனவே இருக்கும். அது பழசாகிப் பல்லிளித்திருந்தால் பிரேக் கல்லாகும். இந்த ஒரு வேலையை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ரிங் தேய்ந்த எஞ்சினும் டிப் ஸ்டிக்கைத் தள்ளும். ஒருவழி வால்வு போட்டபிறகும் வந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள்.

வேஸ்ட்கேட் ஹோஸ் கழன்றால் என்ன ஆகும்?

கதவு திறக்காது. டர்போ தன்னால் முடிந்த மட்டும் தள்ளும்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு பயிற்சி நாளில் எனக்கு நடந்தது. நேர்ப்பாதையில் மூன்றாவது கியர். கேஜ் முள் 0.6-ல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நழுவிப் போனது. கண் அதைப் பார்த்துக் காலுக்குச் சொல்லும் முன்பே, யாரோ பின்னாலிருந்து பம்பரைப் பிடித்து இழுத்த மாதிரி கார் தலை குனிந்தது. 175 கிலோபாஸ்கலைத் தாண்டினால் பெட்ரோலை முழுக்க நிறுத்து என்று ஈசியூவில் எழுதி வைத்திருந்தேன். அது வேலை செய்தது. லாகில் 181 வரை போயிருந்தது. பானட்டைத் திறந்தால், ஆக்சுவேட்டருக்குப் போகிற மெல்லிய சிலிக்கான் ஹோஸ், டர்போவிலிருந்து சூடான புகை இறங்கும் டவுன்பைப்பைத் தொட்டு, பாதி வெந்த அப்பளம் மாதிரி பொத்தலாகி நின்றது. மாட்டும்போது நான்கு விரல் இடைவெளி இருந்ததாகத்தான் ஞாபகம். எஞ்சின் ஆடும் என்பதை மறந்துவிட்டேன்.

அதனால், பூஸ்ட் ஏற்றுவதற்கு முன்பே இந்தக் கட்டைப் போட்டுவிடுங்கள். நீங்கள் ஓட்டுகிற பூஸ்டுக்கு 15 முதல் 20 கிலோபாஸ்கல் மேலே வைத்தால் சின்ன ஸ்பைக்குக்கெல்லாம் வெட்டாது. எல்லா சிலிண்டருக்கும் ஒரேயடியாக நிறுத்த வேண்டும். பாதியாகக் குறைக்கிற வேலை கூடாது, அது கலவையை வறட்டி, அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லாமல் செய்து, சேதத்தைத்தான் கூட்டும். ஆக்சுவேட்டர் ஹோஸ் கனமானதாக, இரண்டு முனையிலும் கிளாம்போடு, எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டப்பட்டதாக இருக்கட்டும். அந்த ஹோஸிலிருந்து கேஜுக்கோ வேறெதற்கோ டி போட்டுப் பங்கு எடுக்காதீர்கள்.

காரோடு வந்த மேப் சென்சாரே (மேனிஃபோல்டில் காற்றின் மொத்த அழுத்தத்தை அளப்பது) போதாதா?

போதாது. டர்போ இல்லாத காரின் சென்சார் 105, 110 கிலோபாஸ்கலுக்கு மேல் எதையும் பார்க்காது. பூஸ்ட் 0.2 ஆனாலும் 0.8 ஆனாலும் அதற்கு ஒன்றுதான். அதற்கேற்ற பெட்ரோல் தராது. 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் சென்சார் வேண்டும். மாட்டியதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். கோவையில் 96, 97 காட்ட வேண்டும், கடற்கரை ஊர்களில் 101. வேறு எண் காட்டினால் ஈசியூவில் சென்சார் அளவீடு தப்பு. எல்லா டியூனிங்கும் அந்தத் தப்பின் மேல்தான் உட்காரும்.

பெட்ரோல் பக்கம்: பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் ஹோஸ் மேனிஃபோல்டோடு இணைந்திருக்க வேண்டும். சாதாரணமாக 3 பார் என்றால், 0.6 பூஸ்டில் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) 3.6 இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜெக்டர் எதிர்க்காற்றில் துப்புகிற மாதிரிதான். பழைய பம்ப் இந்த அழுத்தத்தில் தேவையான அளவு தள்ளுகிறதா என்பதை கேஜ் மாட்டி ஓடும்போதே பாருங்கள். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தொட்டால் பெரிய இன்ஜெக்டர் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

டீசல் கார் டர்போவைப் பெட்ரோல் எஞ்சினில் போடலாமா?

நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது அதுதான், ஆகவே எல்லோரும் போடுகிறார்கள். டீசல் புகை 800 டிகிரிக்கு மேல் அதிகம் போகாது. பெட்ரோலில் முழு லோடில் 900-ஐச் சுலபமாகத் தாண்டும். வேஸ்ட்கேட் உள்ள டீசல் டர்போ, குறைந்த பூஸ்டில், சரியான டியூனிங்கில் கொஞ்ச காலம் தாங்கும். ஹவுசிங்கில் விரிசல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே நகரும் இதழ்கள் உள்ள வகையைத் தொடாதீர்கள். பெட்ரோல் சூட்டில் இதழ்கள் மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால் பூஸ்டைத் திறந்துவிடக் கதவே கிடையாது.

ஊட்டிக்கு ஏறினால் பூஸ்ட் மாறுமா?

கேஜ் எண் மாறாது. ஸ்பிரிங் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் திறக்கிறது, கீழே 0.6 என்றால் மேலேயும் 0.6. ஆனால் 2240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே 0.77 பார் சொச்சம்தான். மொத்த அழுத்தம் கோவையில் 1.56 என்றால் ஊட்டியில் 1.37. டர்போ இல்லாத கார் ஐந்தில் ஒரு பங்கு காற்றை இழக்கிற இடத்தில் நாம் எட்டில் ஒரு பங்கைத்தான் இழக்கிறோம். கல்லட்டிக் கொண்டை ஊசிகளில் அது நன்றாகவே தெரியும்.

மொத்த அழுத்தத்தைப் பார்த்து வேலை செய்யும் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் என்றால் கதை வேறு. "எனக்கு 156 கிலோபாஸ்கல் வேண்டும்" என்று அது அடம்பிடித்தால், உள்ளே வந்ததைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும், கோவையில் 1.6 மடங்கே போதும். டர்போ அதன் வேக எல்லையைத் தாண்டிச் சுற்றும். மலைக்குப் போகிறவர்கள் இலக்கைக் குறைத்து எழுதுங்கள்.

பெட்ரோல் எதைப் போடுவது? எத்தனால் கலந்தால் பிரச்சினையா?

பூஸ்டைப் பொறுத்தவரை எத்தனால் எதிரி அல்ல. நாக்கிங்கைத் தாங்கும், காற்றையும் குளிர்விக்கும். கணக்குதான் மாறும். சுத்தமான பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. 20 சதவீத எத்தனால் கலந்தால் 13.5-ஐ ஒட்டி. அதாவது எட்டு, ஒன்பது சதவீதம் அதிகம் ஊற்ற வேண்டும். பழைய பெட்ரோலில் டியூன் செய்து வைத்துவிட்டு மறந்த கார் இப்போது வறண்டு ஓடும். வைட்பேண்டை லாம்டாவில் வைத்துப் பார்ப்பது நல்லது; எந்த பெட்ரோலானாலும் சரியான கலவை அதில் 1, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம். முழு பூஸ்டில் 0.80 பக்கம் நான் வைத்திருக்கிறேன். அதிக ஆக்டேன் பெட்ரோலுக்குத் தனி டியூன் போட்டால், சின்ன ஊர் பங்க்கில் சாதாரண பெட்ரோல் போடும் நாளில் எந்த டியூனில் ஓட்டுவது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். என் காரில் சாதாரண பெட்ரோலுக்கு ஒரே டியூன்தான்.

பூஸ்ட் அளவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாக்கிங் கேட்கிறது.

உடனே காலை எடுங்கள். பிறகு டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம். பூஸ்டில் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்பது தொடக்கத்துக்கு ஒரு கைக்கணக்கு. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். இன்டேக் காற்றின் சூட்டைப் பாருங்கள்: டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்றுவிட்டு உடனே மிதித்தால் இன்டர்கூலரே அடுப்பாக இருக்கும். 60 டிகிரியைத் தாண்டினால் பூஸ்டைக் குறை என்று ஈசியூவில் எழுதிவிடலாம்.

ஸ்வீடனின் சாப் கம்பெனி இதை 1980-களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டது. எஞ்சின் பிளாக்கில் நாக் சென்சார் ஒன்றை வைத்து, சத்தம் கேட்டதும் சோலனாய்டு மூலம் வேஸ்ட்கேட்டைத் திறந்து பூஸ்டை இறக்கினார்கள். எந்த பெட்ரோல் ஊற்றினாலும் எஞ்சினே தனக்குத் தாங்கும் பூஸ்டைத் தேடிக்கொள்ளும். பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரின் வேலை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நம்மில் பாதிப் பேர் காதால் கேட்டுத்தான் டியூன் செய்கிறோம். ஒரு நாக் சென்சாரும் ஹெட்ஃபோனும் இருந்தால் அந்தக் காதாவது கொஞ்சம் கூர்மையாகும்.

எங்கே ஓட்டிச் சோதிப்பது?

டைனோ (காரை உருளைமேல் நிறுத்தி ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி), இல்லையென்றால் டிராக். முதல் கியரில் பூஸ்ட் வருவதற்குள் ஆர்பிஎம் முடிந்துவிடும். மூன்றாவதிலோ நான்காவதிலோதான் உண்மையான எண் தெரியும். அந்த வேகம் ரோட்டுக்கு ஆகாது. சட்டமும் ஒத்துக்கொள்ளாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் பானட்டைத் திறந்ததும் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். என் எஸ்டீம் டிராக்குக்கு டிரெய்லரில்தான் போகிறது.

0.6-லிருந்து 0.8-க்குப் போகப்போகிறேன். முதலில் எதை மாற்ற வேண்டும்?

இப்போதைய 0.6-ன் லாகை எடுங்கள். கடைசி இருபது ஓட்டத்திலும் பூஸ்ட் கோடு ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறதா? இன்ஜெக்டர் எத்தனை சதவீதத்தில் இருக்கிறது? மேல் ஆர்பிஎம்மில் இன்டேக் காற்று எத்தனை டிகிரி? ரெயில் அழுத்தம் 3.6-ல் நிற்கிறதா, 3.4-க்குச் சரிகிறதா? இந்த நான்கில் எது எல்லையை ஒட்டி நிற்கிறதோ அதை முதலில் மாற்றுங்கள். என் காரில் பம்ப்தான் சரிந்தது. புது பம்ப் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் டேங்கை இறக்கவில்லை. அதுவரை 0.6.